நவம்பர் வெயிலை நம்பி வெளிக்கிடாதீர்கள்

தம்பி, கனடாவில் ஹியூரன் ஏரிக்கரையில் இருக்கிற கோட்ரிச் ஊரின் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது, ஒன்ராறியோ மாகாணத்து லண்டனில் அறை எடுத்துத் தினமும் காரில் போய்வரலாமா, வாடகை எவ்வளவு, தமிழ்க் கடை, கோயில் இருக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக்கும் வாடகைக்கும் பதில் சொல்ல நிறையப் பேர் வருவார்கள். நான் அந்த நூறு கிலோமீற்றர் பாதையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

1996 நவம்பரில் நானும் லண்டனில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்துகொண்டு கோட்ரிச் பக்கம் கோழிப் பண்ணைக்குப் போய்வந்தேன். சனி முழுக்கப் பனி கொட்டியது. ஞாயிறு காலை பளிச்சென்று வெயில். சம்பளம் போய்விடும் என்ற பயத்தில் வெளிக்கிட்டேன். வழியில் கிளின்ரன் என்ற ஊரைத் தாண்டினதும் ஏரிக் காற்று வயல்பனியை அள்ளி வீசியது. என் காரின் பொனற்றே எனக்குத் தெரியவில்லை. கார் பள்ளத்தில். ஒரு கிழவர் ட்ரக்டரோடு வந்து இழுத்தெடுத்தார். வீட்டுக்குக் கூட்டிப்போய் என் ஈரச் சொக்ஸை அடுப்புக்கு மேலே கொழுவிக் காயவிட்டுவிட்டு, “1913-ஐப் பற்றி இங்கே யாரும் உனக்குச் சொல்லவில்லையா?” என்று ஏசினார்.

அரைகுறை ஆங்கிலத்தோடு நூலகத்துக்குப் போய் பழைய பேப்பர்களின் பிலிம் சுருளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். 1913 நவம்பர் 7ஆம் திகதி புயல் தொடங்கியிருக்கிறது. நடுவில் காற்று கொஞ்சம் அடங்க, முடிந்துவிட்டது என்று நம்பிக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டிருக்கின்றன. 9ஆம் திகதி ஞாயிறு திரும்பி அடித்தது. ஹியூரன் ஏரியில் மட்டும் எட்டுக் கப்பல்கள், ஏறிய ஒருவர்கூட மிஞ்சாமல் போயின. ஹியூரனும் அடங்கிய வட அமெரிக்கப் பேரேரிகள் எல்லாம் சேர்த்து இறந்தவர்கள் 250க்கு மேல். உடல்கள் கோட்ரிச் கரையில் ஒதுங்கின. ஹமில்ரனிலிருந்து வந்த ஒரு தகப்பன், கையில் பச்சை குத்திய எழுத்தைப் பார்த்து இது என் மகன் ஜோன் தொம்சன்தான் என்று உடலைக் கொண்டுபோனார். செத்தவர் பட்டியலில் தன் பெயரைப் பேப்பரில் பார்த்த மகன், செத்தவீடு நடக்கும்போதே உயிரோடு வீட்டுக்குள் வந்து நின்றான். பெட்டிக்குள் கிடந்தவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு மட்டக்களப்புச் சூறாவளிதான் நினைவுக்கு வந்தது. 1978 நவம்பர் 23 இரவு. கூரை பறந்த பிறகு திடீரென்று காற்று நின்றது. மாமா மாட்டைப் பார்க்க எழும்பினார். அம்மா அவருடைய சாரத்தைப் பிடித்து இழுத்து இருத்தினா. கொஞ்ச நேரத்தில் மற்றப் பக்கத்திலிருந்து காற்று வந்தது. அதைப் பட்டவன் நானே இங்கே வெயிலை நம்பி ஏமாந்தேன் என்றால், நீங்கள் ஏமாறுவது பெரிய விசயமில்லை.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிற நம்மவர்கள் “அந்தக் காட்டுக்குள்ள என்ன இருக்கு” என்பார்கள். இருபத்தைந்து வருசமாகத் தங்கள் வீதிக்கு ஏன் அந்தப் பெயர் என்று தேடிப் பார்க்காதவர்களின் பேச்சு அது. இந்தக் காட்டில் 1848லேயே ‘ஹியூரன் சிக்னல்’ பேப்பர் வந்திருக்கிறது. 1866இல் எண்ணெய் தேடித் தோண்டிய இடத்தில் உப்பு கிடைத்தது. இன்றைக்கு ஏரிக்கு அடியில் பெரிய சுரங்கம் ஓடுகிறது, பனி வீதிகளில் கொட்டுகிற உப்பு அங்கிருந்துதான் வருகிறது. பழைய பேப்பர்கள் எல்லாம் இப்போது இணையத்தில் இலவசம். நான் வேலையிடத்தில் மதிப்புப் பெற்றது அவற்றை வாசித்துத்தான். நீங்கள் பார்க்கப்போகிற முதியவர்களிடம் அவர்கள் ஊர்க் கதையைக் கேட்டுப் பாருங்கள், கையை விடமாட்டார்கள்.

ஆகவே கோட்ரிச்சிலேயே அறை எடுங்கள், நூறு டொலர் கூடினாலும். காரில் கம்பளி, மெழுகுதிரி, சவள் கட்டாயம் இருக்கட்டும். பாதை மூடியிருக்கிறது என்றால் மூடியிருக்கிறதுதான், சந்துபொந்தால் போகலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வந்து இறங்கினதும் சொல்லுங்கள், கோட்ரிச்சின் மெயிற்லண்ட் மயானத்துக்குக் கூட்டிப்போகிறேன். பெயர் தெரியாத அந்த மாலுமிகள் அங்கேதான் இருக்கிறார்கள். ஒவ்வொரு நவம்பரும் நான் போய்க் கல்லில் கிடக்கிற பனியைத் தட்டிவிட்டு வருவேன்.