அம்மா உடைக்கும் மாத்திரை

கேள்வி: நான் டல்லாஸில் வசிக்கிறேன். என் பிரசவத்துக்காகக் கும்பகோணத்திலிருந்து அம்மா மார்ச் மாதம் வந்தார். அவருடைய சுற்றுலா விசா 2031 வரை இருந்தாலும், இறங்கியபோது பதிவான ஐ-94 அனுமதி செப்டம்பர் 18-ஆம் தேதியோடு முடிகிறது. எனக்கு விடுப்பு முடிந்துவிட்டது. குழந்தையைக் காப்பகத்தில் விட மனம் வரவில்லை. இன்னும் ஆறு மாதம் நீட்டிக்க விண்ணப்பிக்கலாமா? ஊர் சுற்றிப் பார்க்க என்று காரணம் எழுதினால் போதுமா? விண்ணப்பம் போட்டுவிட்டால் பதில் வரும்வரை தங்கலாம் என்று தோழிகள் சொல்வது சரியா? அப்பா ஊரில் மெஸ் சாப்பாட்டில் சமாளித்துக்கொள்கிறார். அம்மாவும் ரொம்பச் சமர்த்து. சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிடக் கூடாதென்று, நான் சொல்லாமலேயே பாதி பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறார்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விசாவைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கேட்டிருக்க வேண்டியதைக் கேள்வியாகவே எழுதாமல், அம்மாவுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்போலக் கடைசி வரியில் வைத்துவிட்டீர்கள். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரைக்குப் பெரும்பாலும் தரப்படும் மெட்ஃபார்மின் என்ற மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.ஆர். என்றோ எக்ஸ்.ஆர். என்றோ அச்சிட்டிருந்தால், அது உடலுக்குள் மெல்ல மெல்லக் கரைவதற்காகச் செய்யப்பட்ட மாத்திரை. உடைத்தால் அந்த ஏற்பாடே குலைந்துவிடும். சாதாரண மாத்திரையாகவே இருந்தாலும், மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில் பாதி என்பது சிக்கனம் அல்ல, வைத்தியத்தை நிறுத்துவதில் பாதி. இரத்தச் சர்க்கரை ஏறுவது பல நாட்களுக்கு வெளியே தெரியாது. அது தெரியவரும் நாளில், பயணத்துக்காக வாங்கிய காப்பீடு முன்பே இருந்த நோய்க்குப் பெரும்பாலும் பணம் தராது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்வீர்கள். இந்த வாரமே அவரை ஒரு மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். மெட்ஃபார்மின் பழைய மருந்து. அமெரிக்காவிலும் அதற்குப் பெரிய விலை கிடையாது.

இனி, அவர் ஏன் உடைக்கிறார் என்பதற்கு வருவோம். ஆறு மாதத்துக்கு எண்ணிக் கட்டிக்கொண்டு வந்தவர், ஆறு மாதத்தில் திரும்புவதாக நினைத்துத்தான் வந்திருக்கிறார். நீங்கள் தோழிகளோடு பேசியதை அடுக்களையிலிருந்து கேட்டு, தம்மிடம் யாரும் கேட்பதற்கு முன்பே கணக்கை மாற்றிக்கொண்டார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். உங்கள் கடிதம் முழுவதும் தேடிப் பார்த்துவிட்டேன். "அம்மா இருக்க விரும்புகிறார்" என்ற ஒரு வாக்கியம் அதில் இல்லை. ஊரின் பெயரை மட்டும் மாற்றி இதே கடிதம் எனக்குப் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. எல்லாவற்றிலும் அம்மா சமர்த்தாகவே இருக்கிறார்.

விசா விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2031 என்பது வாசலைத் தட்டுவதற்கான உரிமையின் தேதி. உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பதை ஐ-94 தான் தீர்மானிக்கிறது. நீட்டிப்புக்கு ஐ-539 என்ற படிவத்தை அந்தத் தேதிக்கு முன்பே, முடிந்தால் 45 நாட்களுக்கு முன்பாகவே, அனுப்ப வேண்டும். தோழிகள் சொல்வது பாதி உண்மை. உரிய காலத்தில் அனுப்பிய விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை அவர் தங்குவது சட்டவிரோதமாகக் கணக்கிடப்படாது. ஆனால் அந்தத் தேதி கடந்தபின் மறுப்பு வந்தால், உடனே கிளம்ப வேண்டியதோடு, நீங்கள் நம்பியிருக்கும் 2031 விசாவும் கைவிட்டுப் போகக்கூடும். விண்ணப்பமே இல்லாமல் அந்தத் தேதிக்குப் பிறகு 180 நாட்களுக்கு மேல் தங்கி வெளியேறினால் மூன்றாண்டுகளும், ஓராண்டைத் தொட்டுவிட்டால் பத்தாண்டுகளும் நுழையத் தடை விழும்.

ஊர் சுற்றிப் பார்க்க என்று எழுதலாமா என்கிறீர்கள். கைக்குழந்தையோடு காலை முதல் மாலை வரை வீட்டுக்குள் இருப்பவர் எந்த ஊரைச் சுற்றுகிறார்? குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்று உண்மையை எழுதினால், சுற்றுலா அனுமதியில் வந்தவரை வேலைக்கு வைத்திருப்பதாக அதிகாரி கருத இடமுண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் பொய்யைத் தேடுகிறீர்கள். அந்தப் படிவத்தின் விண்ணப்பதாரர் நீங்கள் அல்ல, உங்கள் அம்மா. எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று உறுதிகூறிக் கையெழுத்திடப் போகிறவரும் அவரே. பொய் என்று பிடிபட்டால் நிரந்தரமாகவே நுழைய முடியாத நிலை அவர் பெயரில்தான் எழுதப்படும். ஆங்கிலப் படிவத்தில் நீங்கள் விரல் வைத்துக் காட்டும் இடத்தில், என்னவென்று கேட்காமல் அவர் கையெழுத்துப் போடுவார் என்பதை நான் நன்றாகவே ஊகிக்கிறேன்; அந்த நம்பிக்கையை வைத்து இதைச் செய்யலாகாது.

குடும்பத்தில் கடமை என்பது கீழிருந்து மேலே போக வேண்டியது என்று நம்புகிறவள் நான். பேரக்குழந்தையை மடியில் போட்டுக்கொள்வது பாட்டியின் ஆசையாக இருக்கலாம், கடமை ஆகாது. அந்தக் குழந்தையை வளர்க்கும் கடமை உங்களுக்கும் உங்கள் கணவருக்கும்தான். கணவர் என்ற சொல்லே உங்கள் கடிதத்தில் வரவில்லை என்பதையும் கவனித்தேன். அப்பா மெஸ்ஸில் "சமாளித்துக்கொள்கிறார்" என்று எழுதும் கை, அம்மா "சமர்த்து" என்று எழுதிய அதே கைதான். இருவரும் உங்களுக்காகத் தங்களைப் பாதியாகக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குழந்தை உறங்கிய பிறகு அம்மாவை உட்கார வைத்து, "எப்போது ஊருக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். "உன் இஷ்டம்மா" என்று பதில் வந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த நாளும் கேளுங்கள். அவரே விரும்பி, காதுகுத்து வரை இருந்துவிட்டுப் போகிறேன் என்றால், அந்த விழாவின் தேதியையும் திரும்பும் பயணச்சீட்டையும் செலவுக்கான வங்கிக் கணக்கையும் காட்டி, இரண்டு மாதத்துக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். தற்காலிகமாகத்தான் தங்குகிறார் என்பதற்கான இந்தச் சான்றுகளைத்தான் விசா அதிகாரிகளும் கேட்கிறார்கள். போக வேண்டும் என்றால் செப்டம்பர் 18-க்கு ஒரு வாரம் முன்னதாகவே சீட்டு எடுங்கள். அவர் எதைச் சொன்னாலும், குழந்தைக் காப்பகத்தில் நாளைக் காலையே பெயர் கொடுத்துவிடுங்கள்.