படுவான்கரையில் தயிர் ஆலை: குளிரூட்டித் தாங்கி வாங்குமுன் பாலின் கணக்கு

கேள்வி இதுதான்: "அண்ணன் கனடாவில் இருக்கிறார், முதல் போடத் தயார். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் நாளுக்கு 500 லீற்றர் பால் எடுத்துத் தயிர் செய்யும் சிறிய ஆலை தொடங்க நினைக்கிறோம். எந்தக் குளிரூட்டித் தாங்கி வாங்கலாம்?"

தம்பி, பாலைக் குளிராக வைத்திருக்கும் தாங்கி நாலாவதாகப் பார்க்க வேண்டிய விஷயம். அதற்கு முன் மூன்று இருக்கிறது. காசு எந்த வழியால் வருகிறது, காணிக்கு என்ன பத்திரம் இருக்கிறது, பால் குறைந்த மாதத்தில் எத்தனை லீற்றர் கிடைக்கும். இப்படிச் சொன்னால் "முதலீடு செய்ய வருகிறவனை வெருட்டாதே" என்று கீழே யாராவது எழுதுவார்கள். வருகிற காசு இந்த மண்ணில் நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

காசிலிருந்து வருகிறேன். அண்ணன் உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் கைமாறும் வழியில், அனுப்ப வேண்டாம். வீட்டுச் செலவுக்கு வந்து பழகிய வழி என்று தொழிலுக்கும் அதையே பிடித்தால், பின்னொரு நாள் பங்கை விற்று வெளியேற நினைக்கும்போது அந்தக் காசு வெளிநாட்டிலிருந்து வந்தது என்று காட்ட ஒரு துண்டும் இருக்காது. 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் உள்முக முதலீட்டுக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. அண்ணன் தன் பெயரில் இலங்கை வணிக வங்கி ஒன்றில் அதைத் திறக்க வேண்டும். கனடா வங்கியிலிருந்து காசு அந்தக் கணக்குக்கு வரும். அங்கிருந்து கம்பனியின் கணக்குக்குப் போகும். கம்பனி அந்தத் தொகைக்குப் பங்கு வழங்கும். இலாபப் பங்கும், பங்கை விற்ற காசும் அதே கணக்கு வழியாகத்தான் திரும்பிப் போகும். பங்காக இல்லாமல் கடனாகத் தருவதென்றால் அதற்கு வேறு விதிகள். காசு வருமுன்னரே ஒப்பந்தம் எழுதி வங்கியில் காட்டிக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று கேட்பார்கள். உறவு கெடாமல் இருப்பதற்குத்தான் எழுத்து.

கம்பனியை 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனியாகப் பதியுங்கள். கம்பனிச் செயலாளர் ஒருவர் கட்டாயம். ஒன்றைக் கவனியுங்கள்: வெளிநாட்டு முதலீடு 50 இலட்சம் அமெரிக்க டொலருக்குக் குறைவாக இருந்தால் சில்லறை வியாபாரத்துக்கு இடமில்லை. ஆகவே அண்ணனின் பங்குள்ள கம்பனி தயிர் செய்து கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் மொத்தமாகக் கொடுக்கட்டும். ஊருக்குள் கடை திறக்கும் எண்ணம் இருந்தால் முதலே சட்டத்தரணியிடம் கேளுங்கள். அம்பாறைப் பக்கம் அரிசி ஆலை போட நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். நெல்லின் முதல்நிலைப் பதனிடலில் வெளிநாட்டுப் பங்கு 40 வீதத்தைத் தாண்ட வேண்டுமானால் முதலீட்டுச் சபையின் தனி அனுமதி தேவை. பாலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

அடுத்தது காணி. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்கோ, வெளிநாட்டுப் பங்கு 50 வீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பனிக்கோ காணியை உரிமை மாற்ற முடியாது. 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். அண்ணன் இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் அவர் வெளிநாட்டவர் ஆகமாட்டார். எப்படி இருந்தாலும், அண்ணன் காசில் தம்பி பெயரில் காணி வாங்கி, குத்தகை எதுவும் எழுதாமல் அதில் கம்பனிக் கட்டடத்தை எழுப்புவதுதான் பின்னால் வழக்காகிறது. காணி உங்கள் பெயரில் இருக்கட்டும். அதைக் கம்பனிக்கு இருபது வருடக் குத்தகையாக எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிந்துவிடுங்கள்.

படுவான்கரையில் பெரும் பகுதி அனுமதிப்பத்திரக் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு, பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. பயிருக்கும் குடியிருப்புக்கும் கொடுத்த காணியில் ஆலை போடுவதும் தனிப் பிரச்சினை. உறுதிக் காணியாக, அதாவது சொந்த உரிமைப் பத்திரம் உள்ள காணியாகப் பாருங்கள். நில அளவைப் படம், முப்பது வருடப் பதிவேட்டுத் தேடல், மகாவலி, வனம், தொல்லியல் என்று எந்தத் திணைக்களமும் உரிமை கோரவில்லை என்ற உறுதிப்பாடு, இவ்வளவும் கைக்கு வந்த பிறகுதான் முற்பணம்.

இனிப் பால். நாட்டு மாடு நாளுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை லீற்றர் தரும். கன்றுக்கு விட்டதுபோக மிஞ்சுவது அவ்வளவுதான். ஐம்பது மாடுள்ள பட்டியில் ஒரே நேரத்தில் கறவையில் நிற்பது பன்னிரண்டு பதினைந்து. அப்படியென்றால் ஒரு பட்டிக்குப் பதினெட்டு, இருபது லீற்றர். 500 லீற்றருக்கு இருபத்தைந்து பட்டிக்காரர் வேண்டும். அவர்கள் ஒரே இடத்தில் இருக்கவும் மாட்டார்கள். பெரும்போக வேளாண்மை தொடங்கியதும் மாடுகளை வயல் ஓரத்தில் வைத்திருக்க முடியாது. மாதவணை, மயிலத்தமடு போன்ற மேய்ச்சல் தரைகளுக்கு ஓட்டிவிடுவார்கள். கார்த்திகை, மார்கழி மழையில் அங்கிருந்து வரும் பாதை சேறாகும், சில நாள் முற்றாக அறும். மழை ஓய்ந்து புல் தளிர்க்கும்போது பால் பெருகும். ஆடி, ஆவணி, புரட்டாதியில் வற்றும். பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் ஹோட்டல்கள் நிறைந்து தயிர் கேட்பதும் அந்த வற்றும் காலத்தில்தான். ஆகவே ஆலையின் அளவைத் தை, மாசிப் பாலை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். புரட்டாதியில் ஒரு மாதம், கார்த்திகையில் ஒரு மாதம், பட்டி பட்டியாகப் போய் லீற்றர் கணக்கை எழுதுங்கள். சிறிய எண்தான் உங்கள் ஆலையின் அளவு.

மேய்ச்சல் தரை இல்லாவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் வீதிக்கு வந்து உட்கார்ந்ததும் அதற்காகத்தான். முதலீட்டுத் திட்டம் எழுதுகிறவர்கள் அதை அரசியல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். புல்தான் உங்கள் மூலப்பொருள். 2022 டிசம்பர்க் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் கூட்டமாகச் செத்ததையும் மறக்க வேண்டாம். மழைக்கும் காற்றுக்கும் ஒதுங்கப் பட்டிகளுக்குக் கொட்டகை போட அண்ணனின் காசில் ஒரு பங்கு ஒதுக்கினால், அது தாங்கியைவிட அதிகம் திருப்பித் தரும்.

இப்போது தாங்கிக்கு வரலாம். உங்களுக்கு அது தேவையா? பாலாகவே வேறு கம்பனிக்கு விற்பதென்றால் தேவை. காலையில் எடுத்த பாலை அன்றே தயிராக்குவதென்றால் 4 பாகைக்குக் குளிர்த்திவிட்டுத் திரும்பக் கொதிக்க வைப்பது வீண் செலவு. 500 லீற்றரை 32 பாகையிலிருந்து 4 பாகைக்கு இறக்க ஏறத்தாழ 16 அலகு (கிலோவாட் மணி) வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். நம் வெக்கையில் தாங்கியின் அமுக்கி (கொம்பிரசர்) அதற்கு எட்டு அலகு மின்சாரம் இழுக்கும். அந்த வேலை மூன்று மணித்தியாலத்தில் முடிய வேண்டும், இல்லையேல் பால் புளிக்கும். காசை விரைவான சேகரிப்பிலும், காய்ச்சுவதிலும், தயிர் வைக்கும் குளிர் அறையிலும் போடுங்கள். பால் மிஞ்சும் நாளுக்காக 200 லீற்றரில் சிறிய தாங்கி ஒன்று போதும்.

கறந்து மூன்று மணித்தியாலத்துக்குள் பால் ஆலைக்கு வந்துவிட வேண்டும். மூடியுள்ள அலுமினியக் கான்தான், பிளாஸ்டிக் கலன் கூடாது, கீறலில் கிருமி தங்கும். வாசலில் ஒவ்வொரு கானுக்கும் முதலில் மணம், பிறகு பாலின் அடர்த்தியைக் காட்டும் பால்மானி, பிறகு அற்ககோல் சோதனை. 68 வீத அற்ககோல் 2 மில்லிலீற்றர், பால் 2 மில்லிலீற்றர், சேர்த்து ஆட்டித் திரிந்தால் அந்தக் கானைத் திருப்புங்கள். ஒரு கான் புளித்த பால் முழு அண்டாவையும் கெடுக்கும். தண்ணீர் கலந்ததைப் பால்மானி காட்டும். சீனியோ உப்போ போட்டு அளவைச் சரிப்படுத்தியிருந்தால் காட்டாது. அதற்குக் கொழுப்பு அளந்து விலை கொடுப்பதுதான் மருந்து.

காய்ச்சுவதற்கு நேரடி நெருப்பு வேண்டாம், அடிப்பிடிக்கும். இரட்டைச் சுவர் அண்டாவும், உமி எரிக்கும் சிறிய நீராவிக் கொதிகலனும் போடலாம். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி ஆலைகளில் ஒரு தொன் நெல்லுக்கு 200 கிலோ உமி கழிகிறது. 500 லீற்றரை 90 பாகைக்கு ஏற்ற 25 கிலோ உமி போதுமானது. உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும், தினமும் அள்ளாவிட்டால் காற்று அடைத்து நெருப்பு அமரும். புதுமை என்று பேசுகிறோமே, நம்மிடம் கழிவாகக் கிடப்பதை இப்படி எரிபொருளாக்குவதை நான் அதில் முதலில் வைப்பேன்.

90 பாகையில் பத்து நிமிடம் வைத்து, 43 பாகைக்கு ஆற்றி, இரண்டு முதல் மூன்று வீதம் உறை கலந்து உடனே சட்டியில் ஊற்றுங்கள். நேற்றைய தயிரையே உறையாக மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். நாளடைவில் ஈஸ்ட் புகுந்து தயிரில் குமிழும் கசப்பும் வரும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை சுத்தமான உறையைப் புதிதாக எடுங்கள். உறையும்வரை சட்டியை அசைக்கக் கூடாது, அசைத்தால் தண்ணீர் விடும். எருமைப் பால் கொழுப்பு ஏழு வீதம், கத்தியால் வெட்டலாம்போல் இறுகும். பசுப் பால் அப்படி இறுகாது. இரண்டையும் கலந்துவிட்டு எருமைத் தயிர் என்று ஒட்டினால் ஒரு மாதத்தில் பெயர் கெடும். தயிர் குளிரில் பத்து நாள் நிற்கும், வெளியில் இரண்டு மூன்று நாள்தான்.

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கழுவுவதற்கு மட்டும் ஒரு லீற்றர் பாலுக்கு இரண்டு மூன்று லீற்றர் நீர் வேண்டும். வாவியோரக் கிணறுகளில் நன்னீர் உப்பு நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. பெரிய பம்பியால் இழுத்தால் உப்பு மேலேறும். உப்பு நீர் துருவேறாத உருக்கையும் பொட்டுப் பொட்டாக அரிக்கும். கிணற்று நீரைக் கோடை முடிவில் எடுத்துச் சோதியுங்கள். துருவேறாத உருக்கு அண்டாவைக் கழுவும் முறை: முதலில் குளிர்நீர், பிறகு 70 பாகையில் ஒரு வீதக் கோஸ்ரிக் சோடா, நீர், கிழமைக்கு ஒருமுறை மெல்லிய அமிலம், கடைசியில் சுடுநீர்.

நன்கொடையாக வந்த தாங்கிகள் பல இடங்களில் ஏன் சும்மா நிற்கின்றன என்று கேட்பீர்கள். மும்முனை மின்சாரம் இல்லாத இடத்தில் இறக்கியது, கழுவும் மருந்துக்குக் காசு ஒதுக்காதது, அமுக்கி பழுதானால் பார்க்க உள்ளூரில் ஆள் இல்லாதது. வெளிநாட்டு உதவி கெட்டது என்று நான் சொல்வதாக எடுக்க வேண்டாம். ஜப்பானின் உதவியோடு 2014 இல் திறந்த மண்முனைப் பாலம் படுவான்கரைப் பாலுக்கு எவ்வளவு பெரிய வரம் என்று தோணிக்குக் காத்து நின்றவர்களைக் கேளுங்கள். அதே வெளிநாட்டு உதவியில் இடத்தின் இயல்பு கைமீறிப் போனதற்கு ஒலுவில் துறைமுகம் சாட்சி. டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டி 2013 இல் திறந்தார்கள். கரையோரம் நகரும் மணல் வாயிலை அடைத்தது, வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரையைக் கடல் அரித்தது. உங்கள் ஆலைக்கு அந்த மணல்போலத்தான் பருவத்தோடு நகரும் பட்டி.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் 1987 இலிருந்து இந்த நாட்டின் அரச மொழிகளில் ஒன்று. இன்னும் தமிழில் எழுதிய விண்ணப்பத்துக்குச் சிங்களத்தில் பதில் வருகிறது. அதை வாசிக்க ஆள் தேடியே சிறு தொழில் நடத்தும் ஒருவருக்கு இரண்டு நாள் போய்விடுகிறது. முதலீட்டுக்கு வசதி செய்கிறோம் என்று மேடையில் பேசுகிறவர்கள் முதலில் இதைச் சரி செய்யட்டும்.

அனுமதிகளுக்கு அதிகம் எழுதத் தேவையில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் உள்ளூராட்சிச் சபையையும் கட்டடப் படம் வரையும்போதே காணுங்கள், கட்டி முடித்த பிறகு சுவரை இடிக்க நேராது. சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்துக்குக் கழிவு நீர்க் குழி காட்ட வேண்டும். கழுவிய பால் நீரை வாய்க்காலில் விட்டால் வாவியில் மீன் மூச்சுத் திணறும், ஊரும் உங்களுக்கு எதிராகும்.

பட்டிக்காரருக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை காசு கொடுத்தாக வேண்டும். ஹோட்டல்கள் ஒன்றரை மாதம் கழித்துத்தான் தரும். அப்படியென்றால் 45 நாள் பாலுக்கான காசு, 22,500 லீற்றருக்கானது, இயந்திரச் செலவுக்குப் புறம்பாக வங்கியில் கிடக்க வேண்டும். அண்ணனிடம் முதலீட்டுத் தொகை கேட்கும்போது இந்தத் தொகையையும் சேர்த்துக் கேளுங்கள். அவர் தயங்கினால் 200 லீற்றரில் தொடங்குங்கள், இருபத்தைந்து பட்டிக்குப் பதில் பத்துப் பட்டி.