மணல்ல குத்தமா, குப்பைத் தீயிலயா? வாசகிகள் கேள்வி பதில்

கேள்வி: எனக்க வீடு மணவாளக்குறிச்சி பக்கம். கல்யாணம் ஆகி 2 வருஷம் தாண்டிட்டு, இன்னும் விசேஷம் இல்ல. இங்க கடற்கரையில உள்ள கருப்பு மண்ணுல கதிர்வீச்சு இருக்கு, அதான் பிள்ள நிக்கல்லன்னு சொந்தக்காரங்க எல்லாரும் சொல்றாங்க. வீட்ட மாத்தலாமான்னு யோசிக்கோம்.

பதில்: வீட்ட விடுங்கம்மா, முதல்ல வீட்டுக்காரர டெஸ்டுக்கு கூட்டிட்டு போங்க. ஒரு வருஷம் ட்ரை பண்ணியும் நிக்கலன்னா (35 வயசு தாண்டினவங்கன்னா 6 மாசம்) ரெண்டு பேரும் சேர்ந்துதான் பார்க்கணும், விந்து டெஸ்டுக்கு பெரிய செலவும் இல்ல, ஆனா நம்ம ஊர்ல அதத்தான் கடைசியா பண்ணுவாங்க, அதுக்குள்ள பொண்ணுக்கு ஸ்கேன் மேல ஸ்கேன், நேர்ச்சை மேல நேர்ச்சை.

மண்ணுல மோனசைட்னு ஒரு தாது இருக்கு, அதுக்குள்ள கதிர்வீச்சு விடுற தோரியம், அதனால கதிர்வீச்சு கூடுதல்தான், உண்மை. ஆனா இதே மாதிரி மண்ணு உள்ள கேரளா கடற்கரையில ஒரு லட்சத்துக்கும் மேல பச்சப்பிள்ளைங்கள பார்த்துட்டாங்க, பிறவிக்குறை அங்க கூடுதல்னு தெரியல. அது பிறந்த பிள்ளைங்க கணக்கு, கரு நிக்கிறத பத்தினது இல்ல. ஆனாலும் வீட்ட விக்கிற அளவுக்கு பயப்பட ஒண்ணும் இல்ல.

எனக்கு கவலை வேற இடத்துல. சாயங்காலம் ஆனா பொறக்கடையில தீ போடுறோமே, சருகோட பாலிதீன் கவர், கிழிஞ்ச ரெக்சின், பிவிசி பைப் துண்டு எல்லாம் சேர்த்து. அதுல, முக்கியமா பிவிசி எரியும்போது, டயாக்சின்னு ஒரு விஷப்பொருள் வரும். 1976ல இத்தாலில செவேசோ பக்கம் கெமிக்கல் ஃபேக்டரி விபத்துல இது ஊர் மேல பரவிச்சு, அங்க உள்ள பெண்கள வருஷக்கணக்கா ஃபாலோ பண்ணினப்போ ரத்தத்துல இது கூடுதலா இருந்தவங்களுக்கு கரு நிக்க லேட் ஆச்சு. நம்ம குப்பைத்தீ அந்த அளவு கிடையாது, ஒங்களுக்கு இதனாலதான்னு நான் சொல்லவும் இல்ல. ஆனா டயாக்சின் கொழுப்புல போய் ஒட்டிக்கும், லேசுல வெளிய போகாது. அந்த சாம்பல கிளறித் திங்கிற நாட்டுக்கோழி முட்டையில அது ஏறும், மருமகளுக்கு சத்துன்னு நாம குடுக்கதும் அந்த முட்டையத்தான்! சருக மட்டும் எரிச்சாலும் புகை புகைதான், குழி வெட்டி மக்க விடுங்க.

கேள்வி: எனக்கு பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி). பிளாஸ்டிக்னாலதான் வருதுன்னு வாட்ஸப்ல வருது. நெஜமா? (தக்கலை)

பதில்: பாதி நெஜம். பிசிஓடி உள்ளவங்க ரத்தத்துல பிபிஏங்கிற பிளாஸ்டிக் கெமிக்கல் கூடுதலா இருக்குன்னு பல ஆய்வுல வந்திருக்கு. அதனால பிசிஓடி வந்துதா, இல்ல பிசிஓடி இருக்கதுனால அது உடம்புல தங்குதாங்கிறது முடிவாகல. நல்ல விஷயம், பிபிஏ ஒண்ணு ரெண்டு நாள்ல மூத்திரத்துல போயிரும். கெட்டி பிளாஸ்டிக் பாத்திரத்துல சூடா எதையும் ஊத்தாதீங்க, டின்ல அடைச்சது குறைங்க, கடையில பில் போடுற வேலைன்னா அந்த வழவழ பேப்பர தொட்ட கைய கழுவிட்டு சாப்பிடுங்க. மீன்குழம்பு பார்சலுக்கு தூக்குச்சட்டி கொண்டு போங்க, கடைக்காரர் சிரிச்சா சிரிக்கட்டும். இதெல்லாம் பண்றேன்னு மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க.

கேள்வி: கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸ்ல (முந்திரி ஃபேக்டரி) வேலை. இப்ப 4 மாச கர்ப்பம். புகை பிள்ளைக்கு ஆகாதா?

பதில்: ஆகாது. கர்ப்பத்துல புகை ரொம்ப இழுத்தா பிள்ள எடை குறையும், நாள் ஆகுமுன்ன பிறக்கவும் வாய்ப்பு கூடும். வறுக்கிற பக்கம் நிக்காதீங்க, பருப்பு தரம் பிரிக்கிற இடத்துக்கு மாத்தித் தர கேளுங்க, ஒத்தையா கேக்க தயக்கம்னா கூட வேலை பார்க்குற அக்காமார கூட்டிட்டு போய் கேளுங்க. வீட்டுலயும் விறகடுப்புன்னா பிரசவம் வரைக்கும் கேஸ்ல சமைங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸம்மாகிட்ட என்ன வேலைன்னு சொல்லி கார்டுல எழுத சொல்லுங்க, ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா அங்கயும் அத காட்டுங்க.