செஸ் நிரல் நூலுக்கு வாசகர் உண்டா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

செஸ் ஆடும் நிரலான ஸ்டாக்ஃபிஷ் இலவசமாகக் கிடைக்கிறது, அதன் மூல நிரலும் சேர்த்தே. இந்த நிலையில், செஸ் ஆடும் நிரலை எழுதக் கற்றுத்தரும் தொடக்கநிலை நூலைத் தமிழில் எழுதினால் படிக்க ஆள் இருக்குமா? பைத்தான் ஓரளவு தெரிந்தவர்களுக்காக எழுத நினைக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

இருக்கிறார்கள். ஆனால் செஸ் ஆடுபவர்களை நம்பி எழுதாதீர்கள். அவர்களுக்கு ஸ்டாக்ஃபிஷே போதும். லூப்பும் ஃபங்ஷனும் படித்து முடித்துவிட்டு, உருப்படியாக எதையாவது செய்து பார்க்கத் துடிக்கும் மாணவர்தான் உங்கள் வாசகர். ஸ்டாக்ஃபிஷ் நிரலைத் திறந்தால் அவருக்குத் தலை சுற்றும். 2020இல் நியூரல் நெட்வொர்க்கும் அதில் சேர்ந்துவிட்டது.

அவர் நூலை மூடிவைக்கும் இடம் நல்ல நகர்வைத் தேடும் ஆல்ஃபா-பீட்டா முறை அல்ல, அது சில பத்து வரிதான். காய் நகர்த்தும் விதிகளில்தான் மாட்டிக்கொள்வார். பாதி நூலை அதற்கே கொடுங்கள். பலகையைப் பிட்களாக வைக்கும் பிட்போர்டு வேண்டாம், 64 கட்டங்களைச் சுற்றி வேலிக் கட்டங்கள் சேர்த்த 120 கட்ட வரிசை போதும்.

பெர்ஃப்ட் எண்ணிக்கையை, அதாவது ஒரு நிலையிலிருந்து இத்தனை நகர்வு ஆழம் வரை மொத்தம் எத்தனை விதமாக ஆடலாம் என்ற கணக்கை, முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொடக்க நிலையிலிருந்து ஆழம் 1 முதல் 4 வரை 20, 400, 8,902, 1,97,281. இது சரியாக வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்; அங்கேதான் வம்பு. தொடக்க நிலையில் ஆழம் 6 வரை ஒரு காஸ்லிங்கூட (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது) வராது. 'என் பாசான்' (இரண்டு கட்டம் தாவிய சிப்பாயைப் பக்கத்துச் சிப்பாய் வெட்டுவது) ஆழம் 5இல்தான் தலைகாட்டும். இரண்டையும் தப்பும் தவறுமாக எழுதியிருந்தாலும் அந்த நான்கு எண்களும் பொருந்திவிடும்.

அதனால் கிவிபீட் என்ற சோதனை நிலையையும் சேருங்கள்; அதில் ஆழம் 1 முதல் 4 வரை 48, 2,039, 97,862, 40,85,603. யானை வெட்டுப்பட்டதும் அந்தப் பக்கத்துக் காஸ்லிங் உரிமையை நீக்க மறப்பது எல்லோரும் செய்வது. இந்த நிலையில் வெள்ளைக் குதிரை எஃப்7 வழியாகப் போய் எச்8 யானையை வெட்ட முடியும். அடுத்த நகர்வில் கறுப்பு, இல்லாத யானையோடு காஸ்லிங் செய்யும். ஆழம் 4இல் எண்ணிக்கை கூடிவிடும். வெறும் பைத்தானில் அதை எண்ணி முடிக்க நேரம் பிடிக்கும், முன்பே எச்சரித்துவிடுங்கள்.

மூன்றாவது அத்தியாயத்துக்குள், கண்டபடி ஆடினாலும் பரவாயில்லை, நிரல் யுசிஐ (செஸ் நிரலும் பலகையைக் காட்டும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் முறை) வழியாக ஒரு பலகையில் ஆடிவிட வேண்டும். பிரிண்டில் ஃப்ளஷ் (எழுதியதை உடனே அனுப்பச் சொல்வது) விட்டுப்போனால் 'யுசிஐஓகே' என்ற பதில் போய்ச் சேராமல் பலகை உறைந்து நிற்கும். இதிலேயே ஒரு மாலை வீணாகும்.

விற்பனை மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் 8,902 என்பது எந்தப் பதிப்பிலும் மாறாது. நியூரல் நெட்வொர்க் அத்தியாயம் சீக்கிரமே பழசாகும், அதைத் தொடாதீர்கள்.

செஸ் விதிகளை ஏற்கெனவே எழுதிவைத்திருக்கும் பைத்தான்-செஸ் நிரல் நூலகத்தை எண்ணிக்கையைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு முதல் நகர்வுக்கும் இரண்டிலும் தனித்தனியே எண்ணி, எந்த நகர்வில் வித்தியாசம் வருகிறதோ அதை ஆடி, ஆழத்தை ஒன்று குறைத்து மறுபடி எண்ணினால் பிழை இருக்கும் நிலை அகப்பட்டுவிடும்.