மெஸ் நோட்டு

வணக்கம் ஐயா,

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் 478. படிப்பில் குறையில்லை, ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டாள். மே மாதம் கொடைக்கானலில் ஐந்து நாள் தலைமைப் பண்பு முகாம் நடக்கிறது. கட்டணம் 18,000 ரூபாய். அனுப்பலாமா? சின்ன வயதில் கண்ணெதிரே வைத்த இனிப்பைத் தின்னாமல் காத்திருந்த பிள்ளைகள்தான் பிற்காலத்தில் முன்னேறினார்கள் என்று ஒரு பேச்சாளர் சொன்னார். எது ஒரு மாணவரை ஜெயிக்க வைக்கிறது, எது தலைவராக்குகிறது?

பி.கு.: பள்ளியில் அவளை கிளாஸ் லீடராக இருக்கச் சொன்னார்கள், என்.எஸ்.எஸ். முகாமுக்கும் கூப்பிட்டார்கள். படிப்பு கெட்டுவிடும் என்று நான்தான் நேரில் போய் இரண்டையும் நிறுத்தினேன்.

– ஒரு தந்தை, நாமக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தின் உயிரே அந்தப் பின்குறிப்புதான். வீட்டு வாசலுக்கு இலவசமாக வந்ததைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதையே மலையேறிப் போய் 18,000 கொடுத்து வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். கோபம் வருகிறது. ஆனால் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

இனிப்புக் கதையை விடுங்கள். 2018இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து அதை மறுபடி சரிபார்த்தார்கள். குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும், காத்திருந்ததன் மகிமை பெரும்பகுதி கரைந்துபோனது. நாளைக்கும் வீட்டில் இனிப்பு இருக்கும் என்று தெரிந்த பிள்ளைக்குக் காத்திருப்பதில் என்ன கஷ்டம்? எது ஜெயிக்க வைக்கிறது என்ற கேள்விக்கு நம் ஊரில் பதில் எழுதி ரொம்ப நாளாகிறது. பள்ளிப் படிப்பையே முடிக்காத காமராஜர் மதிய உணவு போட்டார். 1982இல் அது சத்துணவாக விரிந்தது, 2022இல் காலைச் சாப்பாடும் சேர்ந்தது. வயிறு முதலில், மற்றதெல்லாம் அப்புறம்.

மதிப்பெண்ணைப் பற்றி, அதற்கே பேர்போன நாமக்கல்காரரான உங்களுக்கு நான் என்ன சொல்ல? மாநில அளவில் முதல் மூன்று இடம் அறிவிப்பதை 2017இல் நிறுத்தினார்கள். ஃபிளெக்ஸ் பேனர்தான் நிற்கவில்லை.

அமெரிக்காவில் அலெக்சாண்டர் ஆஸ்டின் என்பவர் எழுபதுகளில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விடுகிறவர்களைப் பற்றி ஆராய்ந்தார். விடுதியில் தங்கியவர்கள், கல்லூரிக்குள்ளேயே பகுதிநேர வேலை பார்த்தவர்கள், ஏதாவது ஒரு குழுவில் ஒட்டிக்கொண்டவர்கள் அவ்வளவாகப் படிப்பை விடவில்லை என்று கண்டார். விடுதி, வேலை என்று இரண்டையும் சேர்த்து எழுதியதுமே எனக்கு மெஸ் நோட்டு ஞாபகம் வந்துவிட்டது.

1986, திருச்சி. எங்கள் விடுதியில் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவு மொத்தத்தையும் சாப்பிட்ட நாள்களால் வகுத்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தலைக்குப் பிரிப்பார்கள். தொடர்ந்து மூன்று நாள் ஊருக்குப் போனால் ‘மெஸ் கட்’ எழுதிக் கொடுக்கலாம், அந்த நாள்களுக்குக் காசு கிடையாது. மாதம் ஒருவர் மெஸ் ரெப், சாமான் வாங்குவதும் மெஸ் நோட்டில் கணக்கு எழுதுவதும் அவர் வேலை. இரண்டாம் வருடத்தில் என் முறை வந்தது. நானும் உங்கள் மகளைப் போலத்தான், வகுப்பில் வருகைப் பதிவுக்கு ‘பிரசன்ட் சார்’ சொல்லவே குரல் உள்ளே போய்விடும்.

விடிகாலை நாலு மணிக்கு காந்தி மார்க்கெட் வெங்காய மண்டி. மூட்டையின் வாய்ப்பக்கம் சருகு சலசலவென்று காய்ந்து கிடந்தது. விலையும் மற்ற கடையைவிடக் குறைவு. பெரிய கெட்டிக்காரன்போல மூன்று மூட்டை எடுத்தேன். கையை முழங்கைவரை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒன்றை எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும் என்பதெல்லாம் யார் சொல்லித் தந்தார்கள்? சமையல் மாஸ்டர் மூட்டையைக் கவிழ்த்துவிட்டு, “தம்பி, பாதிதான் தேறும்” என்றார். வெங்காயம் மட்டுமில்லை. எண்ணெய், விறகு என்று அந்த மாதம் எதுவும் என் கையில் நிற்கவில்லை. ஒரு நாளைக்கு 7 ரூபாய் 10 காசாக இருந்த கணக்கு 8 ரூபாய் 35 காசுக்குப் போனது.

மாதக் கடைசியில் நோட்டை வைத்துக்கொண்டு கூட்டிக்கொண்டிருந்தேன். முதல் வருடப் பையன் ஒருவன் பெயரில் ஒன்பது நாள் மெஸ் கட். ஆனால் அந்த ஒன்பது நாளும் அவனைக் குழாயடியில் பார்த்திருக்கிறேன். அறைக்குப் போனேன். பாயில் உட்கார்ந்து பன்னை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தான். ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டேன். “இந்த மாசம் கொஞ்சம் ஜாஸ்தி ஆயிரும்னு பேசிக்கிட்டாங்கண்ணே” என்றான். குறையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, மீதிப் பன்னைப் பிட்டு என்னிடம் நீட்டினான்.

அந்த வார மெஸ் கூட்டத்தில் இருநூறு பேருக்கு முன்னால் எழுந்து நின்றேன். தப்பு என்னுடையது, கணக்கை இறக்கியாக வேண்டும், வரும் மாதம் ஞாயிற்றுக்கிழமைக் கோழி வேண்டாம் என்றேன். ஒரே கூச்சல். தட்டைத் தட்டினார்கள். கால் நடுங்கியது, ஆனால் குரல் வந்தது. எப்படிப் பேசுவது என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை நண்பரே, பேசியாக வேண்டிய ஒரு விஷயம் என் கையில் இருந்தது, அவ்வளவுதான். கடைசியில் இரண்டே இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஜூனில் அந்தப் பையன் திரும்பி வரவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. வெங்காயம் காரணமாக இருக்காது என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

கொடைக்கானல் முகாமில் கண்ணைக் கட்டிவிட்டுப் பின்னால் சாயச் சொல்வார்கள், நாலு பேர் தாங்கிப் பிடிப்பார்கள். விழுந்தாலும் அடிபடாது, யார் சாப்பாடும் குறையாது. அங்கே அவள் எதற்காகக் குரலை உயர்த்தப் போகிறாள்? என்.எஸ்.எஸ். 1969இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இன்றும் ஏழு நாள் ஒரு கிராமத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். கூட வந்தவர்களுக்குச் சமைக்க வேண்டும், உப்பு கூடினால் எல்லோரும் திட்டுவார்கள், சாப்பிடாமல் படுத்தவள் யார் என்று பார்க்க வேண்டும். படிப்பு கெட்டுவிடுமாம்! 478 வாங்கியவளுக்கு ஏழு நாளில் எதுவும் கெடாது. உங்களுக்குத்தான் பயம், அதை அவள் தலையில் ஏற்றாதீர்கள். ஒரே பெண்ணோ என்னவோ, அந்தப் பயம் எனக்கும் புரிகிறது.

18,000 ரூபாயை அவள் கல்லூரி விடுதிக்கு எடுத்து வையுங்கள். கிளாஸ் லீடராக இருக்க அவளுக்கு இஷ்டமா என்று முதலில் கேளுங்கள், நீங்கள் கேட்ட மாதிரியே தெரியவில்லை. இஷ்டம் என்றால், தயவுசெய்து இந்த முறை நீங்கள் பள்ளிக்குப் போகாதீர்கள். அவளே போய் டீச்சரிடம் கேட்கட்டும்.