இரவு மூச்சுக் கருவி பழக்கமாகிவிடுமா?

கேள்வி: எங்கள் ஆறு வயது மகளுக்கு எஸ்.எம்.ஏ. இரண்டாம் வகைத் தசைச் சிதைவு நோய். இரவுதோறும், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்துடன் செலுத்தும் பைபாப் கருவியுடன் உறங்க வேண்டும் என்கிறார் மருத்துவர். பகலில் அவள் நன்றாகவே மூச்சு விடுகிறாள். கருவிக்குப் பழகினால் தானாக மூச்சுவிடும் ஆற்றலை இழந்துவிடுவாளோ? ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்தால் போதாதா?

பதில்: கருவியால் தசைகள் பலவீனமாவதில்லை, இரவில் ஓய்வு கிடைப்பதால் பகல் மூச்சு எளிதாகவே செய்யும். பிற்காலத்தில் கருவி தேவைப்படும் நேரம் கூடினால், அதற்குக் காரணம் நோயின் போக்கே தவிர பழக்கம் அன்று.

கனவு காணும் உறக்க நிலையில் உதரவிதானம் நீங்கலாக மற்ற மூச்சுத் தசைகள் எல்லோருக்குமே தளர்ந்துவிடும். உங்கள் மகளுக்கு விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் முன்பே நலிந்திருப்பதால், அந்நேரத்தில் மூச்சின் ஆழம் மேலும் குறைந்து, கரியமில வாயு இரத்தத்தில் தேங்கத் தொடங்குகிறது. காலைத் தலைவலி, இரவில் மிகுதியாக வியர்த்தல், அடிக்கடி விழித்தல், எடை கூடாமை ஆகியவை இதன் அறிகுறிகள். ஆனால் இவை வெளிப்படும் முன்பே உறக்கப் பரிசோதனை இக்குறையைக் காட்டிவிடக்கூடும்.

ஆக்ஸிஜனைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். அதை மட்டும் கொடுத்தால் விரலில் மாட்டும் மானி நல்ல எண்ணைக் காட்டும்; தேங்கிய கரியமில வாயுவோ வெளியேறாது, மூச்சுக்கான உந்துதலும் மட்டுப்படலாம். பைபாப் கருவி, மூச்சை உள்ளிழுக்கையில் கூடுதல் அழுத்தமும் வெளிவிடுகையில் குறைந்த அழுத்தமும் தந்து, நுரையீரலை உண்மையில் விரியச் செய்கிறது. ஒரே அழுத்தம் தரும் சிபாப், தொண்டைப் பகுதி அடைபடும் குழந்தைகளுக்கு ஏற்றது. தசை நலிவுக்கு அது பொதுவாகப் போதாது.

முகமூடியைத் தேர்ந்தெடுப்பதில்தான் நீங்கள் மிகுந்த அக்கறை காட்ட வேண்டும். தானே கழற்ற இயலாத குழந்தைக்கு வாயையும் சேர்த்து மூடும் வகை, வாந்தி வந்தால் ஆபத்தாகிவிடும் என்பதால், மூக்கை மட்டும் மூடும் வகையையே முதலில் முயல்வார்கள். பட்டைகளை இறுக்கிக் கட்டாதீர்கள். சிறு கசிவைக் கருவி ஈடுசெய்துகொள்ளும், புண்ணான தோல் ஆறுவதோ கடினம். நெடுங்கால அழுத்தம் வளரும் முகத்தின் நடுப்பகுதியைத் தட்டையாக்கக்கூடும் என்பதால், வெவ்வேறு இடங்களில் படியும் இரண்டு முகமூடிகளை மாற்றி மாற்றி அணிவிப்பது நல்லது. வெளிமூச்சுக்கான சிறு துளைகளை ஒருபோதும் அடைக்கக் கூடாது. முதலில் பகலில், விழித்திருக்கும்போது சில நிமிடங்கள் அணிவித்துப் பழக்குங்கள்.

மின்தடைக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். சளி பிடிக்கும் நாட்களில் பகலிலும் கருவி தேவைப்படலாம். அவளால் வலுவாக இருமிச் சளியை வெளியேற்ற முடியாவிட்டால், இருமலுக்கு உதவும் தனிக் கருவியும் வேண்டுமா என்பதை இப்போதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.