அப்பத்தாவின் டாக்டர் ரெக்கார்டிங் பாதியில் நின்றால்

அப்பத்தாவுக்கு டாக்டர் சொன்னதைப் போனில் ரெக்கார்டிங் செய்தீர்கள், அது நான்காவது நிமிடத்தில் நின்றுவிட்டது என்றால், அதற்குப் பிறகு அவர் சொன்னது திரும்பக் கிடைக்காது. போன் அதைப் பதிவே செய்யவில்லை.

அநேகமாக நடுவில் அழைப்பு வந்திருக்கும். பல போன்களில் அப்போது ரெக்கார்டிங் நின்றுவிடும். அழைப்புப் பட்டியலில் நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கக் காரைக்குடிக்குக் கிளம்புமுன் போனை அழைப்பு வராதபடி ஏரோப்ளேன் மோடில் போட்டு, வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) உட்கார்ந்து அப்பத்தாவைப் பேசவிட்டு ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். டாக்டர் அறையில் போன் மேசைமேல் இருக்கட்டும். சட்டைப்பையில் வைத்தால் துணி உரசுவதுதான் கேட்கும் (அனுபவம்!).

டாக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். "அப்பத்தாவுக்குக் காது மந்தம், வீட்டில் போட்டுக் காட்டணும்" என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். ஒளித்து எடுத்துத் தெரிந்துபோனால் சங்கடம்.

ஆனால் மாத்திரை அளவுக்கு ரெக்கார்டிங்கை நம்பாதீர்கள், டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டுதான் கணக்கு. விட்டுப்போனதற்கு மருத்துவப் பதிவேட்டு நகல் கேளுங்கள். 2002 மருத்துவ நெறிமுறை விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும்.